எந்த ஆயிலைத்தான் வாங்குவது?

நேற்று மன்னார்குடியில் பைக்குக்கு ஆயில் வாங்கப் போனேன். ஒரே கம்பெனியிலேயே ஏழெட்டு நிறத்தில் டப்பா, முன்பக்கம் பவர், அல்ட்ரா என்று கொட்டை எழுத்து, ஆனால் நமக்கு வேண்டிய 10டபிள்யூ-30 என்கிற கெட்டித்தன்மை நம்பர், ஜாசோ எம்ஏ2 என்கிற ஜப்பான் தரக்குறி எல்லாம் பின்பக்கம் எறும்பு ஊர்வது போல. பெரும்பாலான கியர் பைக்கில் கிளட்ச் அந்த ஆயிலிலேயேதான் ஊறிக் கிடக்கிறது, அதற்கு எம்ஏ அல்லது எம்ஏ2 வேண்டும். எம்பி என்றால் கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. அதைக் கியர் பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

போன சம்பாவுக்கு நாற்று விடுகிற சமயம் எனக்கு அதுதான் நடந்தது, பின்னால் விதைநெல் மூட்டையோடு ஆற்றுப்பாலம் ஏறுகிறேன், இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவே இல்லை.

இத்தனை ரகம் யாருக்காக? அந்த நம்பரையும் குறியையும் முன்பக்கமே பெரிதாகப் போட்டால் போதுமே. சரி, அதுவரை வண்டியோடு கொடுத்த புத்தகத்தைப் பார்த்து, அவற்றைச் சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.