தராசில் ஆறு குட்டிகள்

ஜூன் 23, ஞாயிறு

யாங்கோன் பேயின்நவுங் சந்தையிலிருந்து எங்கள் கடைக்கு உளுந்து மூட்டை ஏற்றி வந்த லாரிக்காரன் கூடவே ஒரு நாயையும் இறக்கிவிட்டுப் போனான். கிடங்கு வாசலில் மழைத் தண்ணீரில் கிடந்ததாம். விட்டால் எந்தச் சக்கரமாவது ஏறிவிடும் என்று தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். இரக்கம் அவனுக்கு, நாய் எனக்கு.

செவலை நிறம். காதோரமெல்லாம் சொறி. விலா எலும்பை எண்ணிவிடலாம், வயிறு மட்டும் உப்பல். "புழு" என்றேன். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "புழுவுக்கு மடி இறங்குமாடி?" என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

ஜூன் 26, புதன்

அம்மா சொன்னதுதான். நாய் வைத்தியர் சயாமா படம் எடுத்துக் காட்டினார்: வயிற்றுக்குள் மீன் முள் மாதிரி ஐந்து முதுகெலும்பு. நாய்க்கு ஒன்பது வாரக் கர்ப்பம், அதில் எட்டு வாரம் ஆகிவிட்டது போலிருக்கிறது, இனி பெற்றுத்தான் ஆக வேண்டும் என்றார். காலையும் மாலையும் காய்ச்சல் குச்சி வைத்துப் பார்க்கச் சொன்னார். சாதாரணமாக 101, 102 இருக்கும். 99க்குக் கீழே இறங்கினால் ஒரு நாளுக்குள் குட்டி.

திரும்பும் வழியில் மருந்துக்கடையில் விவரம் சொன்னேன். சுண்ணாம்புச்சத்து மாத்திரை எடுத்துக் கொடுத்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுப்பதுதானே என்று வாங்கி வந்துவிட்டேன். தினம் இரண்டு.

ஜூலை 4, வியாழன்

காலையில் 98.4. சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடையின் பின்னறையில் பெட்டிக்குள் போட்ட பழைய லுங்கிகளைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது.

நாலு மணிக்கு முதல் குட்டி. ஜவ்வுப் பைக்குள் சுருண்டு, நனைந்த எலி போல. செவலையே பையைக் கிழித்து, கொடியைக் கடித்து, நக்கி எழுப்பியது. யார் சொல்லிக் கொடுத்தது? எட்டு மணிக்குள் ஐந்து. படத்தில் ஐந்துதானே, முடிந்தது என்று தம்பி மகன் கையைக் கழுவிவிட்டான். கரண்ட் போன பிறகு, பத்தரை மணிக்கு, ஆறாவது வந்தது. மூச்சில்லை. போன் வெளிச்சத்தில் வாயைத் துடைத்துவிட்டு, துணியால் முதுகை அழுத்தித் தேய்த்தேன். இரண்டு நிமிடமா ஐந்து நிமிடமா தெரியாது. கடைசியில் "க்ஞீ" என்று ஒரு சத்தம்.

ஜூலை 5, வெள்ளி

தினம் எடை பார்க்க வேண்டும் என்று சயாமா சொல்லியிருந்தார். கடையின் கரண்டுத் தராசு சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. பரணிலிருந்து அப்பாவின் பித்தளைத் தராசை இறக்கினேன். ஒரு தட்டில் குட்டி, மறு தட்டில் டிக்கல் கல். இந்த ஊர் வீசைக்கு நூறு டிக்கல், கிலோக் கணக்கில் ஒன்றரைக்கு மேல். நம் தாத்தாக்களின் சென்னை வீசை நாற்பது பலம், அது கொஞ்சம் சின்னது. சொல் நம்முடையது, எடை இவர்களுடையது.

22, 20, 19, 19, 18. கடைசிக் குட்டி 12. அது இருந்த தட்டு இறங்கவே இல்லை, கல்லைத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

கீழ்மாடி டோடோ பார்க்க வந்தார். பர்மிய வழக்கப்படி வியாழக்கிழமை பிறந்தால் ப, ம எழுத்தில்தான் பெயர் வைக்க வேண்டுமாம். ஷ்வேடகோன் பகோடாவில் வியாழனுக்கு மேற்கு மூலை, அங்கே வாகனம் எலி. நாய்க்குட்டிகளுக்கு எலி ராசி! பவுன், மல்லி, மணி, முத்து, பட்டு என்று வைத்தோம். 12 டிக்கலுக்குத் தம்பி மகன் வைத்த பெயர் பொடி.

அம்மா பிரசவக் கஞ்சி காய்ச்சிவிட்டாள். சுக்கு மட்டும் என்றால் விட்டிருப்பேன், நாலு பல் பூண்டும் போட்டிருந்தாள். பூண்டும் வெங்காயமும் நாய்க்கு ரத்தத்தைக் கெடுக்கும் என்றதற்கு, "நான் நாலு பெற்றவள்" என்றாள். கஞ்சி எனக்கே இரவுச் சாப்பாடு ஆனது.

ஜூலை 8, திங்கள்

மூன்று இரவாகப் பொடிக்குக் காவல். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மற்றவர்களை ஒதுக்கிவிட்டு, பால் கூடுதலாக ஊறும் பின் காம்பில் அதை ஒட்ட வைப்பேன். புட்டிப்பால் கொடுத்தால் குப்புறப் படுக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும், மல்லாத்தினால் நுரையீரலுக்குள் போய்விடும். பசும்பால் தனியாக ஆகாது. நாய்ப்பாலின் கொழுப்பில் பாதிகூட அதில் இல்லை. கரண்ட் இல்லாத நேரம் வெந்நீர் பாட்டிலை லுங்கியில் சுற்றி வைத்தேன், இந்த வயதில் அவற்றுக்கு உடம்புச் சூட்டைத் தாங்களே காத்துக்கொள்ளத் தெரியாது.

இன்று விடியற்காலை பவுன் செத்திருந்தது. ஆறிலும் கொழுத்தது. பெட்டி ஓரத்துக்கும் தாயின் முதுகுக்கும் நடுவே நசுங்கி. பொடியையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அந்த மூலை தெரியவில்லை.

பெட்டியின் உட்பக்கம் சுற்றிலும் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் மூங்கில் கட்டச் சொன்னார் சயாமா. தாய் சாய்ந்தாலும் குட்டி ஒதுங்க இடம் இருக்குமாம். கட்டினேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

நோட்டில் பவுனுக்கு நேரே கடைசியாக எழுதியது 27.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. நேற்று மணிக்கு ஒரு கண் கீறலாகத் திறந்தது, இன்று எல்லாருக்கும். நீலம் படிந்த கண், இன்னும் எதையும் பார்ப்பதாகத் தெரியவில்லை. பிறந்த எடைக்குப் பத்தாம் நாளில் இரு மடங்கு வர வேண்டும். நால்வர் தாண்டிவிட்டார்கள், பொடி இன்றுதான் 24ஐத் தொட்டது.

ஆடி மாதம் அடுக்களையில் ஈரல் வேகக் கூடாது என்று அம்மாவின் உத்தரவு. பின்படிக்கட்டில் கரி அடுப்பு. மழையும் புகையும் நானும் கோழி ஈரலும்.

ஜூலை 25, வியாழன்

நேற்று இரவு நல்ல இடி. செவலை நடுங்கியது, இடிக்குப் பயப்படுகிறது என்று தடவிக் கொடுத்தேன். இடி நின்ற பிறகும் நடுக்கம் நிற்கவில்லை. வாயைப் பிளந்து இளைப்பு, பின்னங்கால் கட்டை போல விறைப்பு. குச்சி 105 காட்டியது.

சயாமா வந்ததே பெரிய உதவி. பாலோடு சுண்ணாம்புச்சத்து இறங்கி, ரத்தத்தில் வற்றிவிட்டது என்றார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டே, நரம்பில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடுமாம். கால் மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது.

"கர்ப்பத்தில் மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா?" என்று கேட்டார். சொன்னேன். வெளியிலிருந்து தாராளமாக வந்துகொண்டிருந்தால், எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் வேலையை உடம்பு மறந்துவிடும், பால் சுரக்கும்போது திடீரென்று தேவைப்பட்டால் எடுக்கத் தெரியாது என்றார். சயாமா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மருந்துக்கடை மேல் பழி போட மனம் வரவில்லை. முதலில் சயாமாவைக் கேட்காதவள் நான்தான். ஒரு நாள் முழுக்கக் குட்டிகளைப் பிரித்து வைத்துப் புட்டிப்பால். ஐந்து வாய், இரண்டு கை. அம்மா முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து மல்லிக்கு ஊட்டினாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆடி வெள்ளி. கோயில் கூழ் வாங்கி வந்து கீழே வைத்துவிட்டு நிமிர்வதற்குள் பட்டு தலையோடு உள்ளே. கஞ்சியாகக் கரைத்துப் பழக்க வேண்டிய வயதுதான், அது தானே பழகிக்கொண்டது. தூக்குவாளியில் வெங்காயம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அம்மன் கோபிக்க மாட்டாள் என்று அம்மா சொன்னாள். நாய்க்காக அம்மா பேசுவது இதுதான் முதல் தடவை.

இரண்டாவது புழு மருந்தும் ஆயிற்று. முத்துவின் வயிற்றிலிருந்து சேமியா போல வந்ததை எழுத வேண்டாம்.

செப்டம்பர் 1, ஞாயிறு

எட்டு வாரம் முடிந்து, முதல் ஊசியும் போட்டாயிற்று. அதுவரை தெருவில் விடவில்லை. ரத்தமாகக் கழிய வைக்கும் வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். வெறிநாய் ஊசி மூன்று மாதத்தில்.

மடத்து வாசலில் விட்டுவிட்டால் புத்த பிக்குகள் சோறு போடுவார்கள் என்று டோடோ சொன்னார். ஏற்கெனவே அங்கே இருக்கிற நாய்களைப் பார்த்தால் மனம் வரவில்லை. மல்லி டோடோவிடமே போய்விட்டது, வாய் கொடுத்தவர் மாட்டிக்கொண்டார். பட்டு தன்லினில் சித்தி வீட்டுக்கு. முத்து தம்பி வீட்டுக்கு. மணியைக் கேட்டு வந்தவன் அந்த லாரிக்காரன்! கிடங்கில் எலித் தொல்லையாம். எலி ராசிக்காரனை எலி பிடிக்கக் கூட்டிப் போகிறான்.

பொடியை யாரும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. தட்டில் நிற்க மாட்டேன் என்கிறது, சங்கிலியைக் கடிக்கிறது. கடைசி எடை ஒரு வீசை 40 டிக்கல், கொஞ்சம் முன்னே பின்னே.

செவலைக்குப் பால் வற்றியதும் கருத்தடை, நாள் குறித்தாயிற்று. இன்று மூன்று முறை மூட்டைச் சந்துகளில் தேடிவிட்டு வந்து படுத்தது.

செப்டம்பர் 3, செவ்வாய்

காலையிலிருந்து கரண்ட் இல்லை. அம்மா புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்த பித்தளைத் தராசைக் கடையில் தொங்கவிட்டேன். வெந்தயம் வாங்க வந்தவர் தட்டிலிருந்து ஒரு செவலை முடியை இரண்டு விரலால் எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினார். ஒரு டிக்கல் கூடப் போட்டுக் கட்டிக் கொடுத்தேன்.