அம்மாவோட மறதிய வயசு மேல பழி போட்டுட்டோம்

மொதல்ல சட்டிதான் கருகுச்சு. அம்மா தே ஓ (பால் இல்லாத டீ) போட அடுப்புல தண்ணி வச்சிட்டு சாமி ரூமுக்கு போயி எதுக்கு வந்தோம்னு மறந்துட்டு நின்னுக்கிட்டு இருந்தாங்க. 70 ஆச்சு இதெல்லாம் சகஜம்தான்னு வீட்ல எல்லாரும் சொன்னோம், நானும்தான். அப்புறம் ஒருநாள் பாசார்ல ஒரு கால் செருப்பு கழண்டதே தெரியாம மீன் கடை வரைக்கும் நடந்து வந்துட்டாங்க, ஈரத் தரையில வெறுங்கால். அப்பதான் எனக்கு பயம் வந்துச்சு.

ரத்தம் எடுத்து பாத்தா பி12-ங்கிற வைட்டமின் ரொம்ப கம்மி. அம்மாவுக்கு பல வருஷமா இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி), அதுக்கு காலையும் ராத்திரியும் மெட்ஃபார்மின் மாத்திரை. ரொம்ப நாள் அத சாப்பிட்டா குடல் பி12-ஐ சரியா இழுக்காதாம். பிரிட்டன்ல 2022-லயே இத டாக்டர்களுக்கு எச்சரிக்கையா சொல்லிட்டாங்க. (அதுக்குன்னு மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, அது வேற வம்பு.)

இதுல இன்னொண்ணு, தைப்பூச விரதத்துல ஆரம்பிச்ச சைவத்த அம்மா விடவே இல்ல. பி12 மீன், கறி, முட்டை, பால்லதான் இருக்கு, காய்கறில கிடையாது, நம்ம பினாங்கு சைவக் கடைல ஆட்டுக்கறின்னு தர்றாங்களே அந்த கோதுமை மாவு சமாச்சாரத்த நம்பியும் பிரயோஜனம் இல்ல. இனிப்பு நீர்னு பால் டீய விட்டுட்டு, பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறிட்டாங்க, தயிர் சளி பிடிக்கும்னு தொட மாட்டாங்க. நல்லதுன்னு நெனச்சு செஞ்சது எல்லாம் சேர்ந்து பால் வழியையும் அடைச்சிடுச்சு! ஈரல்ல சில வருஷத்துக்கு இருப்பு இருக்கும், அதனால உடனே தெரியாது. தீர்ந்ததும் நரம்பு மேல இருக்கிற உறை, வயர் மேல பிளாஸ்டிக் மாதிரி, அது கெட ஆரம்பிக்கும், கால் மதமதன்னு ஆகும், மறதியும் வரும்.

இத படிக்க ஆரம்பிச்சு எங்கெங்கயோ போயிட்டேன். லேன்செட் மருத்துவ இதழோட நிபுணர் குழு 2024-ல 14 விஷயத்த பட்டியல் போட்டிருக்காங்க, அதெல்லாம் சரியா இருந்தா உலகத்துல டிமென்ஷியால (மறதி நோய்ல) 45 விழுக்காடு வரைக்கும் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாமாம். இனிப்பு நீரும் அதுல இருக்கு, காத்து மாசும் இருக்கு. பிஎம்2.5-ன்னு சொல்றாங்களே, அந்த தூசி தலைமுடிய விட எவ்வளவோ மெல்லிசு, நுரையீரல் வரைக்கும் போயி அதுல ஒரு பங்கு ரத்தத்துலயும் கலந்துடும். 2019 செப்டம்பர் புகைமூட்டத்துல ஸ்கூல்லாம் மூடினாங்களே, அப்ப நாங்க ஜன்னல எல்லாம் இறுக்கி சாத்திட்டு உள்ள வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டோம், கண்ணு எரிய எரிய. சாம்பிராணி புகைலயும் அதே தூசிதான். இப்ப வாசல்ல வச்சு போடுங்கம்மான்னா, "ஏண்டி, முருகனுக்கு மூச்சு முட்டுதாமா?"ங்கிறாங்க. ஆனா ஜன்னல் மட்டும் திறந்திருக்கு.

பி12 ஊசி போட ஆரம்பிச்சு சில மாசத்துல பேச்சுல பழைய தெளிவு வந்துடுச்சு, நான் வாங்குன கடனெல்லாம் ஞாபகம் வச்சு கேக்குறாங்க. கால் மட்டும் இன்னும் முழுசா திரும்பல. பின்னாடி வார் வச்ச செருப்பு ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்கேன், அது அசிங்கமா இருக்காம்.