கேட்டால் மட்டும்

“கேட்டால் சொல்லுங்கள், கேட்காததை நீங்களாகச் சொல்ல வேண்டாம்.” விசாரணை அறைக்கு வெளியே, கோட்டைக் கையில் மடித்து வைத்தபடி நின்றிருந்த சக மேலாளரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். ஓராண்டு கழிந்துவிட்டது. அந்த வாக்கியத்தை வேறு விதமாகச் சொல்லியிருக்கலாமோ என்று இன்னும் மனத்துக்குள் திருத்திக்கொண்டே இருக்கிறேன்.

அப்போது எங்கள் சங்கத்தின் வீட்டுவசதி மேலாளர்கள் கிளையின் பொறுப்பை நானும் இன்னொருவரும் ஏற்று ஆறு வாரம்கூட ஆகவில்லை. தேர்தல் என்று ஒன்றும் நடக்கவில்லை; முந்தைய நிர்வாகி ஓய்வுபெற்றபின் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார வேறு யாரும் முன்வரவில்லை. நியூயார்க் மாநிலத்தில் எங்களைப் போன்றவர்களின் சங்கம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அரசு ஊழியர்கள் சங்கம் வைத்துப் பேரம் பேச வழிசெய்தது 1967ஆம் ஆண்டின் டெய்லர் சட்டம். நிர்வாகப் பதவியில் இருப்பவர் என்று வகைப்படுத்தப்பட்டவரை அச்சட்டம் ‘ஊழியர்’ என்ற சொல்லிலிருந்தே விலக்கி வைக்கிறது. ஆனால் வேலைநிறுத்தத்தைத் தடை செய்யும் பிரிவு வரும்போது மட்டும் அவரும் ஊழியராகிவிடுகிறார். முதன்முறை இதைப் படித்தபோது சிரித்தேன். பொறுப்பேற்ற பிறகு சிரிக்க முடியவில்லை. என் அலுவலகத்தில் ஒரு துப்புரவுப் பணியாளரை விளக்கம் கேட்க அழைத்தால், அவருக்குப் பக்கத்தில் அவருடைய சங்கப் பிரதிநிதி நோட்டுப் புத்தகத்தோடு உட்காருவார்; என் கேள்வி எல்லை மீறினால் பேனாவை மேசையில் தட்டி நிறுத்துவார். எங்களில் ஒருவரை மேலிடம் அழைக்கும்போது நான் தாழ்வாரத்தோடு நின்றுவிட வேண்டும்.

அந்தச் சக மேலாளரை அழைத்தது ஹீட் ஷீட் எனப்படும் வெப்ப அளவுத் தாள் ஒன்றைப் பற்றி. வெளியே 55 பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் பகலில் வீட்டுக்குள் 68 இருக்க வேண்டும் என்பது விதி. புகார் வந்த கட்டடத்தில் சில வீடுகளுக்கு நேரில் போய் வெப்பமானியால் அளந்து குறிக்க வேண்டும்; கீழே மேலாளர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வாரம் பாய்லர் இரண்டு முறை நின்றிருந்தது. ஆள் பற்றாக்குறையும் இருந்தது. தாளில் 68, 69, 68, 70 என்று வரிசையாக எண்கள் இருந்தன. அவற்றில் ஒரு வீட்டின் மூதாட்டி அன்று மருத்துவமனையில் இருந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அடுப்பின் ஓவன் கதவைத் திறந்து வைத்துக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள் என்று புகாரில் எழுதியிருந்தது.

“எண்கள் கீழேயே உட்கார்ந்து எழுதப்பட்டவை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். உள்ளே போய் இதைச் சொல்லிவிடட்டுமா?” என்று கேட்டார். அப்போதுதான் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “இதை மேலாளராகச் சொல்கிறாயா, சங்கக்காரனாகச் சொல்கிறாயா?” என்றார். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு இல்லை. ஆனால் என்னைவிட இருபது ஆண்டு கூடுதல் பணி அனுபவம் உள்ளவர் அப்படிக் கேட்டது என் காதில் ‘நீ’ என்றுதான் விழுந்தது. சங்கத்தின் சார்பில் என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

அவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. கையெழுத்து உங்களுடையதா என்றும், சரிபார்த்தீர்களா என்றும் கேட்டார்கள். தாளை நம்பிக் கையெழுத்திட்டதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. எண்களை எழுதிய ஊழியருக்குச் சில நாள் ஊதியமில்லா இடைநீக்கம்.

நான் செய்தது தவறில்லை என்று எனக்கு நானே பலமுறை வாதாடியிருக்கிறேன். அந்த ஊழியருக்குப் பக்கத்தில் உட்கார ஒரு பிரதிநிதியும், மேல்முறையீட்டுக்கு ஓர் ஒப்பந்தமும் இருந்தன. எங்கள் ஆளுக்கு இருந்தது தாழ்வாரத்தில் நின்ற நான் மட்டும். பொய் சொல்லச் சொல்லவில்லை. விசாரிக்க வந்தவர்களின் வேலையை நாமே செய்து கொடுக்க வேண்டாம் என்றேன், அவ்வளவே. எந்தப் பிரதிநிதியும் தன் உறுப்பினரிடம் முதலில் சொல்வது அதைத்தான். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தபோது அதே அறிவுரையின் விளைவை எத்தனையோ முறை எதிர்கொண்டு எரிச்சல்பட்டிருக்கிறேன்.

ஆனால் ‘தாளை நம்பி’ என்ற சொல்லை அவர் எங்கிருந்து எடுத்தார்? நான் அதைக் கொடுக்கவில்லை. அதற்கான இடத்தை மட்டும் காலி செய்து கொடுத்தேன். சொல்லிவிடட்டுமா என்று கேட்டவர் சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தார். சொல்லியிருந்தால் அவருக்கும் அந்த ஊழியருக்கும் தண்டனை ஏறத்தாழ சமமாக வந்திருக்கலாம். அதைவிட, ஆளில்லாமல் அந்த வாரத்தில் வீடு வீடாகப் போய் அளக்கவே முடியாது என்ற விஷயம் பதிவில் ஏறியிருக்கும். கிளைக்குப் பொறுப்பேற்ற நாளில் நாங்கள் இருவரும் முதலாவதாகக் குறித்து வைத்த கோரிக்கையே ஆள் பற்றாக்குறைதான். அதை எழுத்தில் கொண்டுவரக் கிடைத்த ஒரே வாய்ப்பை, ஓர் ஆளைக் காப்பாற்றும் அவசரத்தில் நானே மூடிவிட்டேனா? அல்லது அவர் பிழைத்த பிறகு எனக்கு வசதியாகத் தோன்றும் யோசனையா இது? ஓய்வு பெறும் வயதில், ஓய்வூதியக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவரிடம் ‘கோரிக்கைக்காக உண்மையைச் சொல்லுங்கள்’ என்று எந்த முகத்தோடு சொல்லியிருப்பேன்?

சக நிர்வாகியிடம் இந்த உரையாடலை இன்றுவரை சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் என் பெயரை மீண்டும் முன்மொழிந்தவர் அந்த மேலாளர்தான். கைதட்டலுக்கு நடுவே என் பக்கம் அவர் பார்க்கவில்லை.

இந்த ஜனவரியில் என் மேசைக்கும் ஒரு தாள் வந்தது. 68, 69, 68, 68 என்று பன்னிரண்டு வீடுகள். வெப்பமானியை எடுத்துக்கொண்டு நான்காவது மாடிக்குப் போய் ஒரு வீட்டைத் தட்டினேன். 66 காட்டியது. அந்த ஒரு வரியை அடித்துத் திருத்தி, பக்கத்தில் என் சுருக்கொப்பம் வைத்தேன். மற்ற பதினோரு வீடுகளுக்கும் போக நேரமில்லை. கீழே வந்து கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.