காலாப்பட்டா, காரைக்காலா, போர்ட் பிளேரா: பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

"பாண்டிச்சேரி யுனிவர்சிட்டியில் சீட் கிடைத்துவிட்டது" என்று கடலூரிலோ வில்லியனூரிலோ ஒரு வீட்டில் சொன்னால், எல்லோர் மனத்திலும் வருவது ஈசிஆர் ஓரத்துக் காலாப்பட்டுதான். அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் காரைக்காலிலும் போர்ட் பிளேரிலும் வளாகங்கள் உண்டு. எம்.காம்., எம்.பி.ஏ. போன்ற படிப்புகள் காலாப்பட்டிலும் நடக்கின்றன, காரைக்காலிலும் நடக்கின்றன. விண்ணப்பத்தில் இரண்டும் தனித்தனி வரிகளாக இருக்கும். அவசரத்தில் தவறான வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டால், சேர்ந்த பிறகு வளாகம் மாற்றித் தருவார்கள் என்று நம்பி இருக்க முடியாது. பட்டம் ஒன்றுதான், ஆனால் விடுதி, ஆய்வகம், நூலகம், ஊருக்கு வந்து போகும் செலவு எல்லாம் இடத்துக்கு இடம் மாறும்.

காலாப்பட்டு வளாகம் ஏறத்தாழ 800 ஏக்கர். 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான மத்தியப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் இது. வாயிலிலிருந்து துறைக்கும், துறையிலிருந்து விடுதிக்கும் வெயிலில் நடப்பது எளிதில்லை. உள்ளே பேருந்து ஓடினாலும் வகுப்பு நேரத்துக்கு அது சரியாக வராமல் போகலாம் என்பதால் சைக்கிள் வைத்துக்கொள்வது நல்லது. கடற்காற்றில் உப்பு இருக்கிறது. செயினுக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் விடாவிட்டால் ஒரு மழைக்காலத்திலேயே கண்ணிகள் பழுப்பேறி இறுகிவிடும், பெடலை மிதித்தால் கறகறவென்று சத்தம் வரும். பிரேக் கம்பியும் அப்படித்தான், உறைக்குள்ளேயே துருப்பிடித்து இழுபடாமல் நின்றுவிடும். புது சைக்கிளுக்குச் செலவழிப்பதைவிடப் பழையதை வாங்கி நன்றாகப் பராமரிப்பதே புத்திசாலித்தனம். இதே காற்றில் ஜன்னலோரம் வைத்த மடிக்கணினியின் சார்ஜர் முனையும் பச்சை பூத்துவிடும்.

நூலகத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்து நாட்குறிப்பு எழுதியவரின் பெயர் புதுவை நூலகத்துக்கு மிகவும் பொருத்தம். அறிவியல் மாணவர்களுக்கு மைய ஆய்வுக்கருவி மையம் உண்டு. கருவி இருக்கிறது என்பதற்காக நினைத்த அன்று மாதிரியைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. படிவம், நெறியாளர் கையெழுத்து, கட்டணம், வரிசை எல்லாம் உண்டு. ஆய்வேடு கொடுக்க வேண்டிய கடைசி மாதத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் போய் நிற்பார்கள். மாதிரி தயாரானவுடனே பதிவு செய்துவிடுங்கள்.

வரலாறு, தமிழ், சமஸ்கிருதம், சூழலியல் படிப்பவர்களுக்குப் புதுவை நகரமும் ஒரு வளாகம் மாதிரிதான். செயின்ட் லூயி வீதியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கும் இங்குள்ள பிரெஞ்சுக் கீழ்த்திசைப் பள்ளியிலும் உள்ள சைவ ஓலைச்சுவடித் தொகுப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம் பெற்றது. ஆய்வு நிறுவனத்தில் தாவரக் காப்பகமும் உண்டு. துறைத்தலைவரின் கடிதமும் அடையாள அட்டையும் எடுத்துப் போனால் வேலை சுலபமாகும். இவ்வளவும் பக்கத்திலேயே இருக்க, இரண்டு வருடம் படித்து முடித்தும் அந்தப் படியேறாதவர்கள் ஏராளம். எனக்கு அது பெரிய இழப்பாகவே தோன்றுகிறது.

கடலூரிலிருந்து தினமும் வந்து போக நினைப்பவர்கள், புதுச்சேரி பேருந்து நிலையத்தில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள். சென்னை விரைவுப் பேருந்துகள் எல்லாம் காலாப்பட்டில் நிற்பதில்லை, டவுன் பஸ்ஸோ மரக்காணம் வண்டியோதான் நம்பகமானது. மாலையில் ஆய்வகம் முடியத் தாமதமாகிற படிப்பென்றால் விடுதிதான் வழி. ஆனால் சேர்க்கை கிடைத்தாலே விடுதியும் கிடைத்ததாக நினைத்துவிடக் கூடாது. அதைத் தனியாகக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

காரைக்கால் சிறிய வளாகம். வணிகம், மேலாண்மை, கணினி அறிவியல்தான் முக்கியம். கடலூரிலிருந்து சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி வழியாக 110 கிலோமீட்டர் அளவில் வரும்.

போர்ட் பிளேர் விஷயம் வேறு. ஊரின் பெயர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது. அங்கே கடலியல், கடல்வாழ் உயிரியல், கடலோரப் பேரிடர் மேலாண்மை படிக்கலாம். பவளப் பாறையும் அலையாத்திக் காடும் கண்ணெதிரே இருக்கின்றன; 2004 சுனாமி தாக்கிய மண் அது. பேரிடர் மேலாண்மையை அதைவிடப் பொருத்தமான இடத்தில் படிக்க முடியாது. சென்னையிலிருந்து கப்பலில் போனால் இரண்டரை மூன்று நாள், விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கப்பல் தேதி தள்ளிப்போகும், அதனால் தேர்வுக்கு முந்தின வாரக் கப்பலை நம்பாதீர்கள். கிழக்கே இருந்தும் இந்திய நேரத்தையே பின்பற்றுவதால் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். களப்பணியைக் காலையிலேயே தொடங்க வேண்டும்.

கடல்வாழ் உயிரியல்தான் வேண்டும், தீவுக்குப் போக வசதியில்லை என்றால் பரங்கிப்பேட்டையைப் பாருங்கள். வெள்ளாற்று முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, பிச்சாவரமும் பக்கம். கடலூர் – சிதம்பரம் ரயில் பாதையிலேயே பரங்கிப்பேட்டை நிலையம் உண்டு. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் இதை மறந்துவிட்டு வெகு தூரம் தேடிப் போகிறார்கள்.

இனி, இடம் பறிபோகிற காரணங்கள். முதலாவது, மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வான கியூட் எழுதி மதிப்பெண் வந்தவுடன் வேலை முடிந்ததென்று இருந்துவிடுவது. தேசியத் தேர்வு முகமை மதிப்பெண் மட்டுமே தரும். பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தளத்தில் தனியாகப் பதிவு செய்தால்தான் தரவரிசையில் பெயர் வரும். இரண்டாவது, சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழை மத்தியப் பல்கலைக்கழகத்தில் நீட்டினால் ஏற்க மாட்டார்கள். மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயர் இல்லை என்ற வாசகத்தோடு ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். சான்றிதழின் கீழே உள்ள தேதியைப் பாருங்கள்: நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று முன்பே சரிபாருங்கள். இ-சேவை மையத்தில் ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிட்டால் கடைசி நேர அலைச்சல் இல்லை. புதுவைக்காரர்களுக்குச் சில படிப்புகளில் தனி ஒதுக்கீடு உண்டு, அதற்குக் குடியிருப்புச் சான்று தயாராக இருக்கட்டும்.

வெளிநாட்டு வளாகங்களைப் பற்றியும் இப்போது நிறையக் கேட்கிறார்கள். பிட்ஸ் பிலானி 2000இலிருந்து துபாயில் இருக்கிறது, சென்னை ஐ.ஐ.டி. 2023இல் தான்சானியாவின் சான்சிபாரில் தொடங்கியது. எதிர்த்திசையில், டீக்கின், வொல்லொங்காங் என்ற ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் இரண்டும் 2024இல் குஜராத்தின் கிஃப்ட் சிட்டிக்கு வந்தன. இங்கே கேட்க வேண்டியது, பட்டச் சான்றிதழில் யார் பெயர் இருக்கும், ஆய்வகமும் விடுதியும் சொந்தக் கட்டடமா வாடகையா, கட்டணம் எந்த நாணயத்தில். டாலரில் கட்டணம் என்றால் முதலாண்டுத் தொகையை நான்கால் பெருக்கி நிறுத்தாதீர்கள். ரூபாய் மதிப்பு சரிவதற்கும் ஒரு பங்கு சேர்த்துக்கொண்டு கல்விக்கடன் கேளுங்கள்.

வேலைக்காகவோ மேற்படிப்புக்காகவோ இங்கிருந்து சான்றிதழ் கொண்டு போகிறவர்களுக்கு: பிரான்சுக்கு வெளியுறவு அமைச்சகம் தரும் அபோஸ்டில் என்ற சான்றொப்ப முத்திரை போதும். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அது போதாது, வெளியுறவு அமைச்சகச் சான்றொப்பத்துக்குப் பிறகு அவர்களுடைய தூதரகத்திலும் சான்றொப்பம் வாங்க வேண்டும். மூலச் சான்றிதழை லேமினேட் செய்திருந்தால் பின்பக்கம் முத்திரை குத்த முடியாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தாலே போதும்.