ஆங்கின் கதையைக் குலைத்த படமும் கேமும்

இந்த விடுமுறையில் யாழ்ப்பாணத்து வீடுகளில் பிள்ளைகள் ஆங் என்ற சிறுவனின் கதையான 'அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்' கார்ட்டூன் தொடரைக் கேட்டால், தயவுசெய்து அதை வைத்து 2010இல் வந்த படத்தைப் போட்டுவிடாதீர்கள். முதற் பருவத்தின் 20 அத்தியாயங்களை 103 நிமிடத்துக்குள் அடைத்ததில் சிரிப்பும் தோழமையும்தான் முதலில் பறிபோயின. காட்டவேண்டியதையெல்லாம் பாத்திரங்கள் வாயால் ஒப்புவிக்கிறார்கள்.

மண்ணையும் கல்லையும் தொடாமலே அசைக்கும் 'மண்ணை ஆள்பவர்கள்' அடைபட்டிருக்கும் சிறையையே எடுங்கள். தொடரின் 6ஆம் அத்தியாயத்தில் அது நடுக்கடலில் நிற்கும் இரும்பு மேடை. ஒரு பிடி மண்கூட இல்லை. காற்றுக் குழாய் வழியாக நிலக்கரி மேலே வந்த பிறகுதான் அவர்களால் எழ முடிகிறது. படத்திலோ கைதிகள் நிற்பதே மண்தரையில்! பிறகேன் இத்தனை நாள் அடங்கிக் கிடந்தார்கள்? ஆறு பேர் சேர்ந்து காலால் உதைத்து ஆடி முடிய, ஒரேயொரு கல் ஆறுதலாக மிதந்து போகிறது. தொடரில் ஹுங் கார் என்ற சீனத் தற்காப்புக்கலை அடவில் கால் ஊன்றும் கணத்திலேயே பாறை கிளம்பும். அந்த வேகம்தான் அதன் உயிர்.

பெயர்களையும் விடவில்லை. தீ நாட்டு இளவரசன் சூக்கோவின் பெரியப்பா ஐரோ, 'ஈரோ' ஆனார்.

இதே தொடரை வைத்து 2007இல் வந்த 'த பர்னிங் எர்த்' கேமின் எக்ஸ்பொக்ஸ் 360 பதிப்பில் குறை வேறு. இடைவிடாமல் 10, 20, 30, 40, 50 தொடர் அடிகள் அடிப்பதுதான் அதன் ஐந்து சாதனைகள். இந்த ஐந்துக்கே கேமின் மொத்தச் சாதனைப் புள்ளிகளான 1000மும் கிடைத்துவிடும். தொடக்கக் கட்டத்திலேயே பொத்தானை விடாமல் தட்டினால் சில நிமிட வேலை. அதற்குப் பிறகு தேடி வெல்ல ஒன்றுமில்லை.

தொடரில் மொத்தம் 61 அத்தியாயங்கள். நாளுக்கு மூன்று பார்த்தால் மூன்று கிழமையில் முடியும்.