போப்பாண்டவருடன் ஒரு படம்

திருப்பயணக் குழுக்களை ரோமுக்கு அழைத்துப் போகும் டிராவல்ஸ் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கிளம்புவதற்கு முன் நடத்தும் கூட்டத்தில் கொலோசியம் பற்றி யாரும் கேட்பதில்லை. "போப்பாண்டவரோடு படம் எடுக்க முடியுமா?" என்பதுதான் முதல் கேள்வி. "கொஞ்சம் கூட செலவானாலும் பரவாயில்லை தம்பி, முன்வரிசையாகப் பார்த்து வாங்கிக் கொடு" என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல்பவர்களும் உண்டு.

செலவழிக்க அங்கே ஒன்றுமே இல்லை. போப் ரோமில் இருந்தால் புதன்கிழமை காலையில் பொதுச் சந்திப்பு நடக்கும். ஜூலையில் பெரும்பாலும் விடுமுறை. வழக்கமாக புனித பேதுரு சதுக்கத்தில், குளிர்காலம் என்றால் ஆறாம் பவுல் அரங்கத்தில். அந்த அரங்கத்தில் மட்டுமே ஆறாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். நுழைவுச்சீட்டு இலவசம். முன்கூட்டி எழுதிக் கேட்டுவிட்டு, சதுக்கத்தை ஒட்டிய வெண்கலக் கதவருகே, வாடிகனின் காவல் படையான சுவிஸ் காவலர்களிடம் வாங்கிக்கொள்ளலாம். சதுக்கத்தில் நடக்கும்போது சீட்டு இல்லாதவர்கூடப் பின்னால் நின்று பார்க்கலாம். கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்பதுமில்லை. பக்கத்தில் போகவும் வழி இருக்கிறது: புதிதாக மணமானவர்கள் மணக்கோலத்தில் வந்தால் தனி இடம் தருவார்கள், சக்கர நாற்காலியில் வரும் நோயாளிகளுக்கும் அப்படியே. நம் காண்ட்ராக்டர் அண்ணாச்சிகளுக்கு இரண்டும் ஒத்துவராது.

ஆனால் ஊர் திரும்பியதும் இதே பொதுச் சந்திப்பு 'சிறப்புச் சந்திப்பு' ஆகிவிடும். எங்கள் குழுவில் வந்த ஒருவர் தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார். போப்பின் திறந்த வண்டி கடந்து போனபோது எல்லோரையும் போலக் கையை நீட்டினார், அவ்வளவுதான். அடுத்த மாதம் அவர் தெருவில் ஃபிளக்ஸ்: 'திருத்தந்தையின் நேரடி ஆசி பெற்றவர்'. படத்தில் கம்பியும் இல்லை, அவருக்குப் பின்னால் நின்ற எங்கள் தலைகளும் இல்லை. ஆங்கிலம் பேசும் நாட்டுக் குழுக்களுக்கு வாழ்த்துச் சொல்லும்போது 'இந்தியா' என்ற பெயரும் வரும். அது சிலர் வாயில் "எங்கள் பங்கின் (ஊர்க் கோயிலின்) பெயரைச் சொல்லி வாழ்த்தினார்" என்று வளர்ந்துவிடும்.

முன்வரிசையில் கைகுலுக்கியவர்களின் படம் இன்னும் ஏமாற்றக்கூடியது. ஒருவருக்குச் சில நொடிகள்தான். வாடிகன் புகைப்படக்காரர்கள் வரிசையாக எடுத்துக்கொண்டே போவார்கள், பிறகு காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். படத்துக்குள் இருவர் மட்டும் தெரிவார்கள். முழங்கை இடிக்கக் காத்திருக்கும் அடுத்தவர் தெரியமாட்டார். உண்மையான தனிச் சந்திப்பு அப்போஸ்தலிக்க அரண்மனைக்குள் நடப்பது, பெரும்பாலும் நாட்டுத் தலைவர்கள், திருச்சபைப் பொறுப்பாளர்கள் போன்றவர்களுக்கு. நம் ஆயர்களே (பிஷப்புகளே) ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில் 'அத் லிமினா' எனப்படும் ரோம் பயணமாகப் போய், பல நேரம் குழுவாகத்தான் சந்திக்கிறார்கள்.

பக்தியோடு வருபவர்களை நான் குறை சொல்லவில்லை. வெள்ளை அங்கி தூரத்தில் தெரிந்ததுமே அழுதுவிடும் பாட்டிமார்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் படம் கேட்பதில்லை, ஜெபமாலையைத் தூக்கிப் பிடிப்பதோடு சரி. யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதுதான் அந்தப் புதன்கிழமையின் அழகு. அதைக் கொண்டுவந்து 'எனக்கு மட்டும் கிடைத்தது' என்று மாட்டிவைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இப்போது சிலர் எங்கள் லெட்டர்பேடில் சான்று கேட்கிறார்கள், 'போப்பாண்டவரைச் சந்தித்தார்' என்று. 'பொதுச் சந்திப்பில் கலந்துகொண்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். பாதிப் பேர் அதை வாங்காமலே போய்விடுகிறார்கள்.