கவாத்துக் கத்தரியும் என் வலது முழங்கையும்

ஏற்காட்டுப் பக்கம் எங்களுக்கு ரெண்டு ஏக்கர் காப்பித் தோட்டம். பழம் பறித்து முடிந்ததும் கவாத்து செய்தாக வேண்டும், அதாவது வேண்டாத கிளைகளை வெட்டிவிட வேண்டும். போன வருஷம் ஆள் கிடைக்கவில்லை, நானே கத்தரியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன், காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் வெயில் சாயும்வரை, இருபது நாளுக்கு மேல். மூன்றாவது வாரம் டீ டம்ளரைத் தூக்கும்போது முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் சுரீர் என்றது. அப்புறம் துண்டைக்கூடப் பிழிய முடியவில்லை.

முதலில் பார்த்த டாக்டர் ஸ்டீராய்டு ஊசி போட்டார். ரெண்டே நாளில் வலி போய்விட்டது. மே மாதம் சிம்பு (புதிதாக முளைக்கும் வேண்டாத கிளை) ஒடிக்கப் போனேன், பழையதைவிட மோசமாகத் திரும்பி வந்தது. இந்த ஊசி முதல் சில வாரம் நன்றாகக் கேட்கும், ஒரு வருஷக் கணக்கில் பார்த்தால் போட்டவர்களுக்குத்தான் வலி திரும்புவது அதிகம் என்று ஆய்வுகளிலேயே இருக்கிறதாம். போடும் முன்பே இதைச் சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஜூனில் சேலத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் இடது கையால்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அந்தப் பொண்ணு என் கையை நீட்டச் சொல்லி நடுவிரலை மட்டும் கீழே அழுத்தினார், உயிர் போனது. "டென்னிஸ் எல்போதாங்கண்ணா. இது வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேரு டென்னிஸ் ஆடாதவங்கதான். அடுத்த தடவை அந்தக் கத்தரியை எடுத்துட்டு வாங்க" என்றார்.

கொண்டுபோனேன். கத்தரியின் வாயில் காப்பிச் செடியின் கறை கறுப்பாகக் காய்ந்திருந்தது, முனை மழுங்கியிருந்தது, ஸ்பிரிங் கல்லாக இருந்தது. கையை இறுக்கி மூடும் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டை மேலே தூக்கும் தசையும் சேர்ந்து இறுகும், அதன் நாண், அதாவது தசையை எலும்போடு கட்டும் நார், போய் ஒட்டியிருப்பது நமக்கு வலிக்கிற அந்த எலும்பில்தான் என்று என் கையிலேயே தொட்டுக் காட்டினார். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை இறுக்கியிருப்பேன்!

முதல் ரெண்டு வாரம் மணிக்கட்டை அசைக்காமல் எடையைத் தாங்கிப் பிடிப்பது மட்டும். அப்புறம் மேசையில் முன்கையை வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே, கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். இடது கையால் அதை மேலே தூக்கிவிட்டு, வலது கையால் ஐந்து எண்ணும்வரை மெதுவாக இறக்க வேண்டும். பதினைந்து தடவை, மூன்று சுற்று. செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம், ஆனால் மறுநாள் காலை வலி கூடியிருந்தால் எடையைக் குறைக்கச் சொன்னார். எனக்கு அதிகம் உதவியது இந்தக் கணக்குதான், ஏனென்றால் அதுவரை வலித்தாலே பயந்து நிறுத்திவிடுவேன்.

ஆறாவது வாரம் வலி இல்லை என்று பயிற்சியை விட்டேன், பத்தே நாளில் திரும்பியது. மறுபடி ஆரம்பித்து ஒரு லிட்டர் பாட்டில்வரை போக செப்டம்பர் ஆகிவிட்டது.

இந்த வருஷக் கவாத்துக்குத் தினமும் காலையில் கத்தரியைச் சாணை பிடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். தடித்த கிளைக்கு ரம்பம், அரை மணிக்கு ஒருமுறை ஓய்வு, முழங்கைக்கு ரெண்டு விரல் கீழே சுற்றிக் கட்டும் பட்டை. மத்தியானத்துக்கு மேல் கத்தரியைத் தொடவில்லை. வேலை முடிய ஒன்றரை மாதம் ஆனது, ஆனால் சாயங்காலம் துண்டை நானே பிழிந்தேன்.